பிஸ்கட் டின்னில் 1,146 சீட்டுகள்: பல்லாவரம் சந்தைப் பெட்டி ஒன்றின் ஆய்வு

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய பிஸ்கட் டின். மூடி துருப்பிடித்திருக்கிறது. உள்ளே ரப்பர் பேண்டு போட்ட சீட்டுகள், போடாத சீட்டுகள், கிழிந்த அட்டைப்பெட்டிகள். சொன்ன விலை ₹700, படிந்த விலை ₹400. சீட்டாடுகிறவருக்கு இது குப்பை. எந்தக் கட்டை எடுத்தாலும் ஒரு ராணியோ ஏழோ காணாமல் போயிருக்கும். சீட்டின் முகத்தை விட்டுவிட்டு முதுகில் அச்சிட்ட படத்தைச் சேர்க்கிறவருக்கோ 52 இருந்தாலும் ஒன்றே ஒன்று இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். அந்த டின்னில் என்ன இருந்தது, வாங்கியவர்கள் எதை எப்படிப் பிரித்து வைத்தார்கள், எங்கே கைதவறியது என்பது இந்த ஆய்வு.

முதலில், இவ்வளவு மலிவு ஏன்? ஒரு காரணம் மேலே சொன்னது: குறைந்த கட்டு ஆட உதவாது. அடுத்தது நம் ஊருக்கே உரியது. சீட்டு இருக்கும் வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்று சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். ஆடிக்கொண்டிருந்த பெரியவர் போனதும் அவருடைய சீட்டுகள் பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விடும். வெத்தலைப் பெட்டியையும் ரேடியோவையும் நினைவுக்கு வைத்துக்கொள்ளும் குடும்பம்கூட சீட்டுக்கட்டை வைத்துக்கொள்வதில்லை. இன்னொன்று, சேகரிப்பவர்கள் பெரும்பாலும் முழுக் கட்டையும் பெயர்பெற்ற அமெரிக்கக் கட்டுகளையும் தேடுகிறார்கள். சாதாரண இந்தியக் கட்டு, கம்பெனிகள் தீபாவளிக்குக் கொடுத்த கட்டு, ஒற்றைச் சீட்டு இவற்றுக்குப் போட்டியே கிடையாது.

முதுகில் படம் வந்த கதை, சுருக்கமாக

இந்தியாவின் கஞ்சிபா சீட்டுகளில் ஓவியம் முழுக்க முகத்தில்தான். தசாவதாரக் கஞ்சிபாவில் 10 வகை, வகைக்கு 12, ஆக 120 வட்டச் சீட்டுகள். முகத்தில் மச்சமும் கூர்மமும் நுணுக்கமாக இருக்க, முதுகு பெரும்பாலும் ஒரே நிற அரக்குப் பூச்சு. ஐரோப்பியச் சீட்டின் முதுகும் நெடுங்காலம் வெறுமையாகவே இருந்தது. வெறும் வெள்ளை முதுகில் ஒரு விரல் அழுக்கோ நகக்கீறலோ பட்டால் அது அடையாளக் குறியாகிவிடும். ஏமாற்றுகிறவனுக்குக் கொண்டாட்டம். அந்த அழுக்கை மறைக்கத்தான் கோலம் போட்டார்கள். லண்டனில் தாமஸ் டி லா ரூ 1831இல் சீட்டை வண்ணத்தில் அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு முதுகு அலங்காரம் வேகமெடுத்தது. கட்டடக் கலைஞர் ஓவன் ஜோன்ஸ் அந்த நிறுவனத்துக்கு 170க்கும் மேற்பட்ட முதுகுகளை வரைந்து கொடுத்தார். ஆஸ்திரேலியாவில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பள்ளிச் சிறுமிகள் ஒற்றைச் சீட்டுகளைப் படத்துக்காகவே மாற்றிக்கொண்டார்கள். முகமே அச்சிடாமல் முதுகு மட்டும் உள்ள சீட்டுகளையும் அவர்களுக்காக விற்றார்கள். ஆக, இந்தப் பைத்தியம் புதிதல்ல.

முதுகில் இரண்டு சாதி உண்டு. தலைகீழாகத் திருப்பினாலும் அதே மாதிரி தெரிவது இருதலைப் படம். திருப்பினால் மாறித் தெரிவது ஒருதலைப் படம்: கப்பல், நாய்க்குட்டி, ரோஜா, அருவி. ஒருதலை முதுகில் சில சீட்டுகளை மட்டும் தலைகீழாக வைத்து அடுக்கினால் எதிராளியின் கையைப் படித்துவிடலாம். அதனால் காசு வைத்து ஆடும் இடங்களில் இருதலைதான் ஓடும். ஒருதலைப் படங்கள் பரிசாகவும் பயண நினைவாகவும் விற்றவை. சந்தைப் பெட்டிகளில் கொடிக்கோலச் சீட்டுகள் தேய்ந்து கிடக்க, படச் சீட்டுகள் பளிச்சென்று இருப்பதன் காரணம் இதுதான். ஒன்று உழைத்தது, மற்றது ஷோகேஸில் உட்கார்ந்திருந்தது.

கடை முன்னால் ஐந்து நிமிடம்

தேவை மூன்று பொருள்: 15 செ.மீ. எஃகு ஸ்கேல், நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ், கைப்பேசி டார்ச். எண்ணிக்கொண்டிருக்க நேரமிருக்காது, கடைக்காரருக்குப் பொறுமையும் இருக்காது. அதனால் அளக்க வேண்டும். வழக்கமான காகிதச் சீட்டின் தடிமன் சுமார் 0.29 மி.மீ. ஜோக்கரோடு 54 சீட்டை அமுக்கிப் பிடித்தால் உயரம் ஏறக்குறைய 16 மி.மீ. வரும். எண்ணிக்கை சரியாக இருந்தும் உயரம் 18, 19 மி.மீ. காட்டினால் அந்தக் கட்டு தண்ணீர் குடித்து ஊதியிருக்கிறது. எண்ணிக்கை தெரியாத குவியலுக்கு எடை உதவும். 57 × 89 மி.மீ. பிரிட்ஜ் அளவுச் சீட்டு ஒன்று சுமார் 1.6 கிராம், 63 × 88 மி.மீ. போக்கர் அளவு 1.7 கிராமுக்குச் சற்று மேல். இந்த டின்னின் உள்ளடக்கம் 1.9 கிலோ இருந்தது. 1,150 சீட்டைச் சுற்றி இருக்கும் என்ற மதிப்பீடு அங்கேயே கிடைத்துவிட்டது. பின்னால் எண்ணியபோது 1,146.

மூக்கையும் பயன்படுத்த வேண்டும். பழைய காகித வாசனை பரவாயில்லை. ஈர மண் வாடை என்றால் பூஞ்சை உயிரோடு இருக்கிறது. டின்னின் அடியில் இருப்பதைக் கட்டாயம் எடுத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மேலே நல்லது, அடியில் கல்லாய் இறுகியது என்பதுதான் வழக்கமான அமைப்பு. இங்கேயும் அப்படித்தான், அடியில் மூன்று இறுகிய கட்டிகள் இருந்தன. விலை குறைந்ததே அவற்றைக் காட்டித்தான். கேட்கும் முறையும் முக்கியம். “கட்டு என்ன விலைண்ணே?” என்று கேட்டால் ஒவ்வொரு கட்டுக்கும் விலை முளைக்கும். “மொத்தமா எடுத்தா எவ்ளோண்ணே?” என்பதே சரியான கேள்வி.

பல்லாவரத்தைத் தவிர, 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டின் வாரிசான அல்லிக்குளம் வளாகத்துப் பழைய புத்தகக் கடைகளிலும், திருவல்லிக்கேணி நடைபாதைகளிலும், பேட்டைதோறும் உள்ள பழைய பேப்பர் கடைகளிலும் சீட்டு கிடைக்கும். மனமகிழ் மன்றங்கள் கழிக்கும் கட்டுகள் ஏராளம், ஆனால் எல்லாம் ஒரே முதுகு. சேகரிப்புக்கு இரண்டு சீட்டு போதும், இருநூறு கட்டு எதற்கு?

பிரித்தபோது

முகத்தைப் பார்க்காமல் முதுகை மட்டும் பார்த்துப் பிரிக்க வேண்டும். பெரிய மேஜை, மின்விசிறி நிறுத்தம், பகல் வெளிச்சம். டியூப்லைட்டில் மெரூனும் பழுப்பும் ஒன்றாகத் தெரிந்து ஏமாற்றும். முதல் சுற்றில் கிடைத்தது இது: கொடிக்கோலம், கட்டம், வலைப்பின்னல் போன்ற இருதலை முதுகுகள் 702 சீட்டு, 19 வகை. ஒருதலைப் படங்கள் 214 சீட்டு, 31 வகை. விளம்பர முதுகுகள் 109 சீட்டு, 6 வகை. இறுகிய கட்டிகளில் 121.

எண்ணிக்கையைவிட சுவையானது அதன் உள்விவரம். இருதலை முதுகுகள் குவிந்திருப்பதற்குக் காரணம் ரம்மி. 13 சீட்டு ரம்மிக்கு இரண்டு கட்டு வேண்டும், முதுகு ஒத்திருந்தால் நல்லது. அதனால் ஒரே முதுகில் நூற்றுக்கு மேல் சீட்டு கிடைப்பது சகஜம். தொலைந்த சீட்டுக்குப் பதிலாக ஜோக்கரின் முகத்தில் பால்பாயின்ட் பேனாவால் ‘ஆட்டின் 7’ என்று எழுதிச் செருகியிருப்பார்கள். இந்த டின்னில் அப்படி 4 இருந்தன. எழுத்து முகத்தில்தான் என்பதால் முதுகுக்குச் சேதமில்லை. ஆனால் அழுத்தி எழுதிய பேனாவின் தடம் முதுகில் மேடாகத் தெரியும். சாய்வாக டார்ச் அடித்துப் பார்த்தால் ‘7’ கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறிப் படிக்கக் கிடைக்கும்.

படச் சீட்டுகளில் 11 வகைக்கு ஒற்றைச் சீட்டுதான் இருந்தது. அவற்றில் பலவற்றின் மேல் விளிம்பில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குப் பழுப்பு. புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்தவை என்று அதிலிருந்து தெரிகிறது: வெளியே நீட்டிக்கொண்டிருந்த பகுதி மட்டும் வெளிச்சமும் தூசியும் பட்டிருக்கிறது. பழைய புத்தகக் கடையில் புத்தகத்தைப் புரட்டும்போது சீட்டு விழுந்தால் அதையும் சேர்த்து விலை கேட்கலாம், யாரும் தனியாகக் காசு வாங்குவதில்லை.

விளம்பர முதுகுகளில் ஒன்று ஏர் இந்தியா மகாராஜா. 1946இல் பிறந்த அந்த மீசைக்காரருக்கு விமானப் பொருள் சேகரிப்பவர்களும் போட்டி போடுவதால் மலிவுக் கணக்கில் அவர் அபூர்வம். மற்ற ஐந்தும் மருந்து, டயர், பெயின்ட் வகையறா. யாரும் சீந்தாதவை. வடிவமைப்பில் பார்த்தால் இவைதான் துணிச்சலானவை. இரண்டே நிறம், பெரிய தட்டையான உருவம், கச்சிதமான எழுத்து. கொடிக்கோலத்தின் நூறாவது நகலைவிட ஒரு இருமல் மருந்தின் முதுகு மேல் என்பதே இங்கே எடுத்த முடிவு.

இறுகிய கட்டிகள்: சரியாகச் செய்ததும் கெடுத்ததும்

மூன்று கட்டிகள், 54, 41, 26 சீட்டு. நனைந்த சீட்டின் மேற்பூச்சு இளகி அடுத்த சீட்டோடு ஒட்டி, அப்படியே காய்ந்தால் இந்தக் கதி. இன்னும் ஈரமாக இருக்கும்போது கிடைத்தால் உடனே பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் பட்டர் பேப்பர் வைத்துக் காயவைக்கலாம். காய்ந்து இறுகியதற்கு அந்த வசதி கிடையாது.

பலன் தந்த வழி இது. ஏசி அறையில் 4 நாள் அப்படியே வைத்து ஈரம் சமநிலைக்கு வரட்டும். பிறகு கட்டியை இரு கையிலும் பிடித்து, முதலில் முகப்பக்கமும் பிறகு முதுகுப் பக்கமும், ஒரு செ.மீ.க்கு மேல் வளையாமல் மெல்ல வளைக்க வேண்டும். பலவீனமாக ஒட்டியவை ‘டப்’ என்ற சிறு ஓசையோடு விடும். விட்ட மூலையில் ஓ.எச்.பி. தாளில் (ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள்) வெட்டிய 2 செ.மீ. அகலத் துண்டை நுழைத்து, தூக்காமல் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போக வேண்டும். இப்படி 88 சீட்டு பிழைத்தது. அவற்றில் டின்னில் வேறெங்கும் இல்லாத 2 புது முதுகுகள் இருந்தன.

மீதி 33இல் கைதவறியது. அஞ்சல் தலையைக் கவரிலிருந்து எடுப்பதுபோல ஆவி காட்டினார்கள். சீட்டு என்பது ஒரே தாள் இல்லை. இரண்டு தாளை நடுவில் கருத்த பசையால் ஒட்டிச் செய்கிறார்கள், வெளிச்சத்தில் முகம் ஊடுருவித் தெரியக்கூடாது என்பதற்காக. ஆவி பட்டதும் மேற்பூச்சு விடுவதற்கு முன்னால் அந்த நடுப்பசை இளகிவிட்டது. சீட்டுகள் ஒன்றையொன்று விடவில்லை, ஒவ்வொன்றும் தனக்குள் இரண்டாகப் பிளந்தது. ஒரு சீட்டின் முதுகுத்தாள் அடுத்ததன் முகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது, பூச்சும் வெள்ளை பூத்துவிட்டது. வளைத்து விடாத சீட்டைக் கட்டியாகவே வைத்துக்கொள்வது மேல். மேல் சீட்டின் முதுகாவது மிஞ்சும்.

துடைப்பது

சோதனையை எப்போதும் முகத்தின் ஓரத்தில் செய்ய வேண்டும், முதுகில் அல்ல. பூச்சில்லாத பழைய காகிதத்துக்கு வெள்ளை வினைல் அழிப்பான் மட்டும், ஒரே திசையில். பிளாஸ்டிக் பூச்சுள்ளதற்கு மைக்ரோஃபைபர் துணியை ஆர்ஓ தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஓரிரு விநாடி துடைத்து உடனே உலர்த் துணி. சானிடைசர், ஸ்பிரிட் எதுவும் கூடாது, மையும் பூச்சும் கரைந்து வரலாம். தங்க விளிம்புள்ள கட்டின் விளிம்பில் அழிப்பான் படவே கூடாது.

நம் ஊர்ச் சீட்டுக்கென்று ஒரு தனி நோய் உண்டு: பவுடர். சீட்டு வழுக்கட்டும் என்று கேரம் பவுடரையோ முகப் பவுடரையோ தூவியிருப்பார்கள். அது துணிநெசவு போன்ற மேடுபள்ளங்களில் போய் அடைந்து, வியர்வையோடு சேர்ந்து சாம்பல் படலமாகிவிடும். ஈரத்துணி பட்டால் சேறாகும். முதலில் உலர்ந்த மென்தூரிகையால் நெசவின் இரண்டு திசையிலும் துலக்கிவிட்டு, அதன்பிறகே துணி.

பூஞ்சை உள்ளதை மாஸ்க் போட்டுக்கொண்டு மொட்டைமாடி நிழலில் தூரிகையால் தட்ட வேண்டும். வெயிலில் காயப்போடும் பழக்கத்தை வடாமோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சிவப்பும் மஞ்சளும் சென்னை வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். வெள்ளிப்பூச்சி, புழு சந்தேகம் இருந்தால் சீட்டுகளை ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி, −18 டிகிரி ஃபிரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் 24 மணி நேரம் பையைத் திறக்கக்கூடாது. திறந்தால் குளிர்ந்த சீட்டின்மேல் வேர்க்கும்.

வெளுத்ததா, வேறா?

இந்த ஆய்வின் முக்கியமான தவறு இதுதான். நடுவில் மயில், சுற்றிலும் கொடி, இருதலை முதுகு ஒன்றில் 111 சீட்டு இருந்தது. 62 அடர் மெரூன், 49 வெளிர் மெரூன். வெளிர்ந்தவை வெயிலில் வெளுத்தவை என்று எண்ணிக் கழிவுப் பெட்டிக்குப் போய்விட்டன.

கழிவைக் கட்டும்போது ஒரு சந்தேகம். வெயில் பட்டு வெளுத்தால் கட்டின் மேல் சீட்டோ, நீட்டிக்கொண்டிருந்த ஓரமோதான் வெளுக்கும். 49 சீட்டும் ஒரே அளவில், ஓரம் முதல் நடுவரை சீராக எப்படி வெளுக்கும்? லென்ஸில் பார்த்ததும் விடை கிடைத்தது. அடர்ந்த சீட்டில் கொடியின் கோடுகள் ஒரே மையில், முழுக்கோடாக, கூர்மையாக ஓடின. வெளிர்ந்ததில் கோடு என்று எதுவுமே இல்லை. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் சேர்ந்து கோடுபோலக் காட்டின. முதலாவது கோட்டோவியத்திலிருந்து தனி மெரூன் மையில் அச்சானது. இரண்டாவது நான்கு வண்ண ஆஃப்செட்டில், அச்சான படத்தைப் பார்த்து எடுத்த நகல். வெள்ளைக் கரையும் ஒன்றில் 4 மி.மீ., மற்றதில் 5 மி.மீ. அகலமான கரைக்கு இடம் தேடியதில் கொடியின் நுனி வெட்டுப்பட்டிருந்தது. ரம்மி ஆடியவர் இரண்டையும் ஒரே கட்டாக நினைத்துக் கலந்து ஆடியிருக்கிறார். இருட்டு வராந்தாவில் யாருக்கும் தெரியாது.

மலிவுச் சீட்டில் இப்படி நகலுக்கு நகல் எடுப்பது சாதாரணம். அதனால் ஒரே படம்போலத் தெரியும் எதையும் நான்கு விஷயங்களை ஒப்பிடாமல் கழிக்கக்கூடாது: லென்ஸில் கோடா புள்ளியா, கரையின் அகலம், படம் விளிம்பில் எங்கே வெட்டுப்படுகிறது, இஸ்பேட் ஏஸின் வடிவம். நிஜமாகவே வெளுத்ததா என்று பார்க்க முகத்தில் உள்ள ஆட்டின் (ஹார்ட்) சின்னத்தின் சிவப்பையும் பார்க்கலாம். முகம் பளிச்சென்றிருந்து முதுகு மட்டும் சீராக வெளிறியிருந்தால் அச்சே அப்படி.

எதை வைத்துக்கொள்வது

முழுக் கட்டைக் கலைக்கக்கூடாது. இந்த டின்னில் மூன்று தேறின, ஜோக்கரோடு 54, 54, 53 சீட்டு. குறைந்த கட்டுகளிலிருந்து, முதுகு நன்றாக உள்ள 2 சீட்டு, இருந்தால் இஸ்பேட் ஏஸ், இருந்தால் ஜோக்கர். தயாரிப்பாளரின் பெயர் பெரும்பாலும் இஸ்பேட் ஏஸில்தான் இருக்கும். இங்கிலாந்தில் சீட்டுக்கு வரி வாங்கிய காலத்தில் அரசு கண்வைத்த சீட்டு அது. அந்தப் பழக்கம் வரி போன பிறகும் நிலைத்துவிட்டது. முதுகுக்கான இரண்டில் கரை நான்கு பக்கமும் சமமாக இருப்பது ஒன்று. வெட்டு பிசகியது இன்னொன்று, ஏனென்றால் சரியான சீட்டில் விளிம்புக்கு வெளியே போய்விட்ட படத்தின் தொடர்ச்சி பிசகியதில் கொஞ்சம் உள்ளே வந்திருக்கும்.

அட்டைப்பெட்டியைக் கிழிந்தாலும் எறியக்கூடாது. ஆண்டைச் சொல்வது அதுதான். விலை அணாவில் இருந்தால் 1957 தசம நாணயத்துக்கு முந்திய பழக்கம். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். பம்பாய் மும்பையானது 1995, மெட்ராஸ் சென்னையானது 1996. இருப்பில் கிடந்த பழைய பெட்டியைப் பிறகும் தீர்த்திருப்பார்கள் என்பதால் இதில் ஓரிரு ஆண்டு முன்பின் விட வேண்டும். 890 என்று தொடங்கும் பார்கோடு இருந்தால் 1990களின் நடுப்பகுதிக்கு முன்னால் போகாது. ₹ குறி இருந்தால் 2010க்குப் பின். வெளிநாட்டுக் கட்டு என்றால் அமெரிக்க வரி முத்திரை 1965இல் நின்றது, இங்கிலாந்தின் வரி 1960இல் போனது, ‘மேற்கு ஜெர்மனி’ என்ற பெயர் 1990க்குப் பிறகு இல்லை. டின்னில் இருந்த 9 பெட்டிகளில் 7க்கு இப்படி ஒரு கீழ்வரம்போ மேல்வரம்போ கிடைத்தது. சீட்டை மட்டும் வைத்திருந்தால் ஒன்றுக்கும் கிடைத்திருக்காது.

கணக்கு இப்படி முடிந்தது. மொத்தம் 58 முதுகு. மூன்று முழுக் கட்டில் 161 சீட்டு. மற்ற 55 முதுகுகளில் ஒற்றையாகக் கிடைத்த 11 போக, மீதி 44க்கு இரண்டிரண்டு, ஆக 99. ஏஸ் 38, ஜோக்கர் 29. வெளிர் மயிலை 59ஆவது முதுகாகத் தனியே சேர்த்ததில் இன்னும் 2. வைத்துக்கொண்டது 329.

ஒவ்வொன்றையும் பைக்குள் போவதற்கு முன் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்வது நல்லது. பிரிட்ஜ் அளவு சுமார் 1,346 × 2,102 புள்ளிகளில் வரும், கோடா புள்ளியா என்று திரையிலேயே பார்க்கலாம். ஸ்கேனரில் ‘டீஸ்கிரீன்’ வசதி அணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் நாம் தேடும் புள்ளிகளையே அது மழுக்கிவிடும். கோப்பின் பெயரில் அளவு, நிறம், ஒருதலையா இருதலையா, வாங்கிய இடம், மாதம் இருந்தால் போதும். ‘மயில்1’, ‘மயில்2 புதுசு’ என்று பெயர் வைத்தால் ஆறு மாதத்தில் தலை சுற்றும்.

ஐப்பசியில் தெரிந்தது

டின் வந்தது கோடையில். முதல் தொகுதியாக 12 சீட்டை, ஸ்டேஷனரி கடையில் கிடைத்த விசிட்டிங் கார்டு ஆல்பத்தின் பெரிய பைகளில் வைத்தார்கள். மழைக்காலம் தொடங்கியபோது 5 சீட்டின் முதுகு பிளாஸ்டிக்கோடு ஒட்டியிருந்தது. பிரித்தபோது மை பிளாஸ்டிக்கோடு போனது. அந்தப் பை மென்பிவிசி. வளையட்டும் என்று அதில் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் வெப்பத்தில் கசிந்து மையை இளக்குகிறது. கண்டுபிடிப்பது எளிது: புது ரெயின்கோட் வாடை அடித்தால் பிவிசி. வேண்டியது பாலிபுரோப்பிலீன், அதற்கு வாடையே இருக்காது, கசக்கினால் சலசலக்கும்.

விளையாட்டு வீரர் படம் போட்ட சேகரிப்பு அட்டைகளுக்கு விற்கும், ஒன்பது பை கொண்ட ஆல்பப் பக்கம் போக்கர் அளவுக்குச் சரியாக இருக்கும். நம் ஊர்க் கட்டுகள் பெரும்பாலும் பிரிட்ஜ் அளவு, அகலத்தில் 6 மி.மீ. குறைவு. நேரடியாக வைத்தால் பைக்குள் ஆடி, மூலை மடங்கும். முதலில் தனி மென்பையில் போட்டு, பிறகு பக்கத்தில் செருக வேண்டும். ரப்பர் பேண்டு வேண்டவே வேண்டாம். நாள்பட்டால் உருகி விளிம்பில் பிசினாகும், அதற்கு முன்பே நடுவில் பள்ளம் போட்டிருக்கும். இந்த டின்னில் 60க்கும் மேற்பட்ட சீட்டுகளுக்கு அந்தப் பள்ளம் இருந்தது. அந்துருண்டையையும் பெட்டிக்குள் போடாமல் இருப்பது நல்லது, சில பிளாஸ்டிக்கை அதன் ஆவி இளக்கும்.

ஆல்பம் நிற்க வேண்டும், படுக்கக்கூடாது. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், வடகிழக்குப் பருவமழையில் அந்தச் சுவர்தான் முதலில் ஓதமேறும். ரப்பர் விளிம்புள்ள 10 லிட்டர் டப்பாவில் 50 கிராம் சிலிகா ஜெல், உள்ளே ஒரு சிறு ஈரமானி. 45 முதல் 55 சதவீதம் இருந்தால் நிம்மதி. 35க்குக் கீழே போனால் சீட்டு சுருளும் என்பதால் ஜெல்லை அள்ளிக் கொட்டுவதும் தவறு. நிறம் மாறிய ஜெல்லை ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் திரும்ப உழைக்கும்.

செலவையும் சொல்லிவிடலாம். டின் ₹400. பக்கங்கள் 25க்கு ₹500, மென்பை 200க்கு ₹200, டப்பாவும் ஜெல்லும் ஈரமானியும் ₹450, சில்லறை ₹100. ஆக ₹1,650, 59 முதுகுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு ₹28க்குச் சற்றுக் குறைவு. டின் விலையில் மட்டும் பார்த்தால் ₹7கூட இல்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

ஆவியில் கெட்ட 33 போக மிச்சம் 784. இவற்றை மீண்டும் எடைக்குப் போடவில்லை. முதுகு வாரியாக 20, 20ஆகப் பட்டர் பேப்பரில் சுற்றி, மேலே ஒரு ஸ்கேன் பிரதி ஒட்டி, மாற்றுக்கு என்று ஒரு டப்பாவில் வைத்தாகிவிட்டது. அடர் மயில் 60, வெளிர் மயில் 47 அதில் தனித்தனிச் சுற்றாக இருக்கின்றன.